கழிக்கு அக்கரையில் ஒரு மோட்டார் சைக்கிள்

சீமைக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். நான் போனது எண்ணூர்க் கழிக்கு அக்கரை. இராயபுரம் கூட்ஸ் ஆபீசில் பன்னிரண்டு வருஷமாக ரைட்டர் உத்தியோகம் பார்க்கிற எனக்கு, திருவொற்றியூர்க் கோயிலுக்கு வடக்கேயும் பூமி இருக்கிறது என்பது கேள்வி ஞானம்தான். அங்கே போக நானும் தண்ணீரைத் தாண்டினேன், வேற்றுப் பாஷை கேட்டேன், உடம்பெல்லாம் புண்ணாகித் திரும்பினேன். ஆகையால் எழுத எனக்கும் பாத்தியதை உண்டு.

போனதற்குக் காரணம் என் அடுத்த வீட்டு ஏகாம்பரம். பேசின் பிரிட்ஜ் பக்கம் ஓர் ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, அலையைக் கண்டாலே வாந்தி எடுத்ததால் சின்ன வயசிலேயே இரும்பு வேலைக்கு அனுப்பப்பட்டவன். கப்பலேறி ஊருக்குப் போன ஒரு துரையிடமிருந்து ஒன்றரை வருஷத்துக்கு முன் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினான். பக்கத்தில் ஓர் ஆள் உட்காருவதற்குத் தொட்டி மாதிரி ஒரு வண்டியும் ஒட்டியிருந்தது. வாங்கிய நாள் முதல் அது ஓடியதைவிடக் கழன்று கிடந்ததுதான் அதிகம். வேலை விட்டு வந்ததும் கூடத்தில் ஒரு துப்பட்டியை விரிப்பான். ஒவ்வொரு சாமானாகக் கழற்றித் தன்னைச் சுற்றி வட்டமாக வைப்பான். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, கடைசியில் வைத்ததை முதலில் எடுத்து, வந்த வழியே திரும்பப் பூட்டுவான். அந்த வட்டத்துக்குள் அவன் உட்கார்ந்திருக்கும்போது வீடே தீப்பற்றினாலும் தெரியாது.

அவன் மனைவி கன்னியம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். சங்கிலியைக் குழம்புச் சட்டியில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றி அவன் ஊறவைத்த அன்று, மூட்டையைக் கட்டிக்கொண்டு கழிக்கு அக்கரையில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு மாதம் ஆயிற்று. பிறகு மீன் விற்கிற அம்மாள் ஒருத்தி மூலமாக மாமனார் சொல்லி அனுப்பினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் குப்பத்துப் பஞ்சாயத்து கூடுகிறது. மாப்பிள்ளை கௌரவமான ஓர் ஆளோடு வந்து பதில் சொல்ல வேண்டும். வராவிட்டால் அன்றைக்கே அவர்களுடைய கல்யாணத்தைத் தீர்த்துவிடுவார்களாம்.

கௌரவமான ஆள் நான்தான். அதாவது எங்கள் தெருவில் கோட்டு வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். பெரிய வெள்ளிக்கிழமையிலிருந்து திங்கள் வரை ஆபீசும் லீவு. ரயிலில் எண்ணூர் வரை போய், கழியைக் கடந்து நடந்துவிடலாம் என்று சொன்னேன். ஏகாம்பரம் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளில்தான் போக வேண்டும் என்றான்.

“அவ ஒருக்கா இதுல குந்திப் பார்த்தாள்னு வெச்சிக்கோ ரைட்டரே, அப்பாலிக்கா எறங்கவே மாட்டா.”

ஒன்றரை வருஷத்தில் ஒரு நாளாவது அவளை ஏற்றிக்கொண்டு போனதுண்டா என்று கேட்டேன். வண்டி இன்னும் சரியாகவில்லையே என்றான். எந்தச் சாமானை நினைத்துக் கோபித்துக்கொண்டு பெண்டாட்டி போனாளோ, அதன் மேலேயே ஏறிக்கொண்டு அவளை அழைக்கப் போகிற மனிதனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனாலும் அவனுடைய முகத்தைப் பார்த்து எனக்கு மறுக்க மனம் வரவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டேன். குடையை எடுத்துக்கொண்டேன். என் மனைவி கட்டிக்கொடுத்த புளிச்சோற்று மூட்டையோடு தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை. தெருவே கூடித் தள்ளியதில் மூன்றாவது சந்தில் வண்டி கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் மாதா கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த ஊர்வலத்துக்குள் நுழைந்துவிட்டோம். நூறு பேர் கறுப்புத் துணி போட்டுக்கொண்டு, தலை குனிந்து, சிலுவையைத் தூக்கிக்கொண்டு மௌனமாகப் போகிறார்கள். நடுவே நாங்கள் பட்டாசுக் கட்டு வெடிப்பதுபோல் போகிறோம். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்த பார்வையில் ஏகாம்பரம் பயந்து இயந்திரத்தை நிறுத்தினான். நின்றது நின்றதுதான், மறுபடி கிளம்பவில்லை. ஊர்வலத்துக்குப் பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாங்கள் இரண்டு தெரு நடந்தோம். கடைசியில் ஒரு வயதான அம்மாள் என் தோளைத் தொட்டு, இந்தக் காலத்தில் இவ்வளவு பக்தி உள்ளவர்களைப் பார்க்க முடிவதில்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காலடிப்பேட்டைக்கு வரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அங்கே ஒரு காபி கிளப்பில் குடித்த காபி என் வீட்டுக் காபியைவிட நன்றாக இருந்தது. இதை வீட்டில் சொல்லவில்லை. நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது விறகு ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. பிறகு நாங்கள் அதைத் தாண்டினோம். எர்ணாவூருக்குள் அது எங்களை மறுபடி தாண்டியது. வண்டிக்காரர் ஒவ்வொரு தடவையும் குசலம் விசாரித்தார். நான்காவது தடவை, வேண்டுமானால் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகிறேன், மாடு ஒன்றும் நினைத்துக்கொள்ளாது என்றார். சாயங்காலம் எண்ணூர்ச் சத்திரத்துக்கு வந்து சேர்ந்தபோது அவர் மாட்டை அவிழ்த்துவிட்டுச் சாப்பிட்டுக்கூட முடித்திருந்தார். இராயபுரத்திலிருந்து நடந்தே வந்திருந்தால் நாங்களும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருப்போம்.

சனிக்கிழமை காலையில் கழி. ஒரு பக்கம் கடல் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது, இன்னொரு பக்கம் உப்புத் தண்ணீர் கண்ணுக்கு எட்டிய வரை பரந்து கிடக்கிறது. இரண்டு படகுகளைச் சேர்த்து மேலே பலகை போட்டு, அதில் மோட்டார் சைக்கிளை ஏற்றினார்கள். எங்களோடு ஓர் எருதும் வந்தது. நான் தொட்டியை விட்டு இறங்கவில்லை. நீந்தத் தெரியாதவனுக்கு நாலு பக்கமும் தகரச் சுவர் இருப்பது ஒரு தைரியம். படகுக்காரர்கள் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். தமிழில் சொன்னால், “சாமி கால் கொடுத்திருக்கும்போது இரும்பு எதற்கு?” என்று ஒருவர் கேட்டார், “கால் இருப்பவன் கோட்டு போடமாட்டான்” என்று மற்றவர் பதில் சொன்னார். கூட்ஸ் ஆபீசில் தெலுங்கு தெரிந்தால்தான் பிழைக்க முடியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

நடுக்கழியில் படகுக்காரர் ஹாரன் சத்தம் கேட்க ஆசைப்பட்டார். ஏகாம்பரமும் பெருமையாக ரப்பர் உருண்டையை அமுக்கினான். எருது எழுந்து நின்றது. பலகை சாய்ந்தது. கழித் தண்ணீர் தொட்டிக்குள் வந்து என் மடியில் உட்கார்ந்தது. கோட்டுப் பையில் இருந்த வெற்றிலையும் புளிச்சோறும் ஒன்றாயின. வண்டி தலையிலிருந்து சக்கரம் வரை உப்புத் தண்ணீரில் குளித்தது. குடை மட்டும் நனையவில்லை, ஏனென்றால் அதை நான் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தேன்.

அக்கரையில் சவுக்குக் காடு. இங்கேதான் என் கிண்டலைக் கொஞ்சம் மடித்து வைக்க வேண்டும். அதிசயமாக வண்டி ஓர் உதையில் கிளம்பியது. மைல் கணக்கில் மரங்கள் நெருக்கமாக நிற்கின்றன. பாதையெங்கும் காய்ந்த சவுக்குச் சருகு மெத்தை போட்டதுபோல் கிடப்பதால் சக்கரம் மணலில் புதையவில்லை. வெயில் கீழே வரவில்லை. ஆள் நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் மேலே, அவசரமே இல்லாமல் போனோம். மேலே காற்று இரைகிற இரைச்சலில் கடல் எது, மரம் எது என்று தெரியவில்லை. இராயபுரத்துப் புகையில் பன்னிரண்டு வருஷம் மூச்சு விட்டவன் நான். வாயைத் திறந்து காற்றைக் குடித்தேன். சருகு வாரிக்கொண்டிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டுப் பாதையோரம் நின்று சிரித்தார்கள். கால்வாய்க் கரையில் பட்டணத்துக்குப் போக விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டு அடுப்பில் எரிவது இந்தக் காடுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஏகாம்பரம் ஒரே ஒரு தடவை திரும்பி, இந்தப் பாதையில் அவளை ஏற்றிக்கொண்டு வந்திருக்கலாம் என்றான். எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது.

குப்பத்துக்குள் நுழைந்தபோது பத்தரை மணி இருக்கும். மாமனார் பொன்னுசாமி கரையில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. பஞ்சாயத்து முடிகிறவரை அவனோடு பேசக் கூடாதாம். ஆனால் பசியோடு விட்டுவிடுவது வழக்கமில்லை. குளித்து வந்ததும் ஒரு குடிசை நிழலில் இலை போட்டார்கள். மடவை மீன் குழம்பு, எறா வறுவல், சூடாகச் சோறு. என் வீட்டில் மீன் துண்டு குழம்புக்குள் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். இங்கே குழம்பைத்தான் தேட வேண்டியிருந்தது. நான் மூன்றாவது தடவை சோறு வாங்கும்போது கவனித்தேன், ஏகாம்பரம் முதல் கவளத்தோடு நிறுத்தியிருந்தான்.

“அவ வெச்ச கொழம்பு,” என்றான். கன்னியம்மா வெளியே வரவே இல்லை.

அப்படிச் சாப்பிட்டால் தூங்காமல் என்ன செய்வது? இரண்டு பேரும் நிழலில் படுத்தோம். வெயில் தாழ்ந்து நான் கண் விழித்தபோது ஏகாம்பரம் எழுந்து நின்றுகொண்டிருந்தான். வண்டியை விட்டிருந்த இடத்தில் வண்டி இல்லை. மணலில் ஒரு பாயின்மேல் இயந்திரத்தின் உடம்பு மட்டும், வெயில் படும்படி மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தது. சக்கரம், டாங்கி, சீட்டு, சங்கிலி, நான் உட்கார்ந்து வந்த தொட்டி, ஒன்றையும் காணோம்.

பொன்னுசாமி வந்தார். மாப்பிள்ளையோடு பேசக்கூடாது என்பதால் என்னைப் பார்த்து விளக்கினார். வண்டி நனைந்து வந்ததை அவர் பார்த்தார். கட்டுமரம் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காயப் போடுவது அந்த ஊர் வழக்கம். மாப்பிள்ளை அசதியில் அதை மறந்து தூங்கிவிட்டான் போலிருக்கிறது என்று, ஊர் ஆட்களைக் கூப்பிட்டு அவரே அவிழ்த்துவிட்டார். தொட்டிக்குள்ளேயே ஸ்பானர் பை இருந்ததும் வசதியாகப் போயிற்று. எந்தக் கடலிலும் எந்த முடிச்சையும் அவிழ்க்கத் தெரிந்த கைகளுக்கு நட்டும் போல்ட்டும் எம்மாத்திரம். ஒன்றுகூட உடையவில்லை. எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி, மரத்துக்குப் பூசுகிற மீன் எண்ணெயைப் பூசி, துடுப்பையும் கயிற்றையும் ஆளுக்கு ஒன்றாக வீட்டில் பத்திரமாக வைக்கிற மாதிரியே, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

“மாமா, அது மரம் இல்ல,” என்றான் ஏகாம்பரம்.

பொன்னுசாமி என்னிடமே சொன்னார். “இரும்பாவே இருக்கட்டும் நைனா. ஈரத்தோட கட்டிப் போட்டா எதுவா இருந்தாலும் பாழாப் பூடும். கரையில பொறந்தவனுக்கு இத்தயும் நானா சொல்லித் தரணும்?”

திட்டவும் முடியவில்லை. ஊர் முழுக்க மெனக்கெட்டு எங்களுக்கு நல்லது செய்திருந்தது. பூட்டிவிடலாமே என்று நான் ஏகாம்பரத்தைத் தேற்றினேன். அவன் தலையை ஆட்டினான். அவனுடைய கை கழற்றி, அவனுடைய வட்டத்தில் வைத்தால்தான் அவனுக்குத் திரும்பப் பூட்டத் தெரியும். பதினெட்டு வீட்டிலிருந்து வந்து குவிகிற சாமானில் எது முன்னே, எது பின்னே என்று தெரியாது. இருட்டுகிற வரை அந்தப் பாயின் முன்னால் அவன் உட்கார்ந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை புன்னை மர நிழலில் பஞ்சாயத்து கூடியது. நான் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். உப்பில் காய்ந்து அது தகரம்போல் விறைத்திருந்ததால் கையை மடக்க முடியவில்லை. மாப்பிள்ளை நல்லவன், குடிப்பதில்லை, அடிப்பதில்லை என்று எடுத்துச் சொன்னேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஏகாம்பரத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். உனக்கு அந்த இரும்பு வேண்டுமா, பெண் வேண்டுமா?

அவன் அந்தப் பாயைப் பார்த்தான். ஒன்றரை வருஷம் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றிய சாமான்.

“அத்த இங்கயே உட்டுட்டுப் போறேன்,” என்றான். “யாருக்கு எது வோணுமோ எட்த்துக்கட்டும். அவள மட்டும் அனுப்புங்க. நடந்தே போய்க்கிறோம்.”

அப்போதுதான் கன்னியம்மா குடிசையிலிருந்து வெளியே வந்தாள். புருஷனைத் தாண்டி நடந்து, பாயின் பக்கத்தில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“இத்த இங்க உட்டுட்டு வந்து, அங்க தெனம் இத்தயே நெனச்சிகினு குந்தினு இருப்ப. அதுக்கு இது கூட வர்றதே தேவலாம்.” அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு குந்தினாள். “எல்லாரும் அவங்கவங்க வூட்ல கீறத எட்த்துகினு வாங்க.”

தலைவர் உட்பட எல்லாரும் எழுந்து போய்க் கொண்டுவந்தார்கள். குவியலைப் பார்த்து ஏகாம்பரம் ஒரு தகட்டை எடுத்தான். அது இல்லை என்றாள். அவள் ஒன்று எடுத்துக் கொடுத்தாள், அவன் பூட்டினான். அடுத்ததை எடுத்துக் கொடுத்தாள். எந்தச் சாமானுக்கும் அவளுக்குப் பேர் தெரியாது. அவளாகவே வைத்திருந்த பேர்களைச் சொன்னாள். முதலில் உலக்கை, அப்புறம் இட்லித் தட்டு, அப்புறம் இரண்டு கம்மல், அதற்கு மேல் சின்ன மூக்குத்தி. ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஏகாம்பரம் அவளை நிமிர்ந்து பார்த்து, இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான்.

“ஒன்றர வருசமா எதிர்லயே குந்தினு பார்த்துகினு தானே கீறேன். நீதான் ஒருநாளும் என்னப் பார்க்கல.”

அவன் தலை குனிந்துவிட்டது. நான் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். பஞ்சாயத்தார் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதில் மும்முரமாக இருந்தார்கள். தீர்ப்பு என்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை.

உச்சி வேளைக்கு வண்டி முழுசாக நின்றது. கருவாட்டுக் கூடை மாதிரி நாறியது. குப்பத்துப் பூனைகள் எல்லாம் சுற்றி வந்து உட்கார்ந்துவிட்டன. ஏகாம்பரம் உதைத்தான். கிளம்பவில்லை. குனிந்து பார்த்தவன் பிளக்கைக் காணோம் என்றான். பம்பரம் மாதிரி சின்னதாக இருக்கும், அது இல்லாவிட்டால் இயந்திரத்துக்கு உயிரே கிடையாது. ஊரே மணலைச் சலித்தது. எந்த வீட்டுப் பங்கு வரவில்லை என்று தலைவர் விரல் விட்டுப் பார்த்தார். பொன்னுசாமி வீட்டுப் பங்குதான் வரவில்லை.

கன்னியம்மா தொட்டிக்குள் ஏறி, இரண்டு பக்கமும் கையை ஊன்றி வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பிளக்கை எடுத்துக் காட்டினாள்.

“ஓட்டறப்போ தரேன். நிறுத்தனா இது எங்கிட்ட வந்துடணும். சரின்னா சொல்லு.”

சரி என்றான். வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. பொன்னுசாமி அப்போதுதான் மாப்பிள்ளையிடம் முதல் வார்த்தை பேசினார். வழியில் நனைந்தால் அவிழ்த்துக் காயப் போடு என்றார்.

அவர்கள் சவுக்குக் காட்டுக்குள் மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தொட்டியில் ஓர் ஆளுக்குத்தான் இடம். கௌரவமான ஆள் குடையோடு மணலில் நின்றுகொண்டிருந்தான். யாருக்கும் என் ஞாபகம் வரவில்லை. சுயநலம்தான், ஆனாலும் ஐந்து நிமிஷம் எனக்குக் கோபம் இருந்தது. பிறகு யாரோ இன்னொரு தட்டு எறா கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பட்டணத்துக்கு விறகு ஏற்றிப் போகிற கால்வாய்ப் படகில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்கள். விறகுக் கட்டின் உச்சியில் குடை பிடித்து உட்கார்ந்து, ராஜா மாதிரி வந்தேன். கரையில் இரண்டு பேர் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு நடந்தார்கள். ஆடவில்லை, அதிரவில்லை, எருது இல்லை. எண்ணூர் தாண்டி, எர்ணாவூர் உப்பளங்கள் வந்தபோது, ரோட்டுப் பக்கம் காக்கைகள் கூட்டமாக வட்டமிடுவது தெரிந்தது. காற்றில் மீன் எண்ணெய் வாடை வந்தது.

ஒரு கருவேல மர நிழலில் வண்டி நின்றிருந்தது. ஒரு சக்கரம் கழன்று கிடந்தது. ஏகாம்பரம் தன் மேல்துண்டை விரித்து, சாமான்களை வட்டமாக வைத்து உட்கார்ந்திருந்தான். ஆனால் வட்டம் இந்தத் தடவை பெரியதாக இருந்தது, அதற்குள் கன்னியம்மாவும் உட்கார்ந்திருந்தாள். அவள் எதையோ விரலில் தூக்கிப் பிடித்துக் கேள்வி கேட்கிறாள். அவன் கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொல்கிறான். அவன் இவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததே இல்லை. என்னை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

படகுக்காரர் நிறுத்தட்டுமா, அவர்களையும் ஏற்றிக்கொள்ளலாமா என்று தெலுங்கில் கேட்டார். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது.

“வேண்டாம், போகலாம்,” என்றேன். “அவர்கள் இப்போதுதான் கிளம்பியிருக்கிறார்கள்.”